கண்ணா, வாலா, இறகின் நரம்பா: பூச்சியைப் படமெடுப்பது பற்றி ஒரு பதில்

கேள்வி கேட்டவர் தென்காசியில் விலங்கியல் படிக்கும் மாணவி, ஊர் புளியரை. கைபேசியிலும், மாமாவிடமிருந்து வாங்கிய ஒரு பழைய கேமராவிலும் பூச்சிகளைப் படம் எடுக்கிறார். "அழகாக இருக்கிறது, ஆனால் இதை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது" என்கிறார் அவருடைய ஆசிரியர். "பாடப்புத்தகப் படம் மாதிரி இருக்கிறது, உயிர் இல்லை" என்கிறார்கள் படம் எடுக்கும் நண்பர்கள். பூச்சிப் படம் கலையா, அறிவியலா, எந்தப் பக்கம் போவது என்பது அவர் கேள்வி. கூடவே தான் எடுத்த ஒரு பட்டாம்பூச்சிப் படத்தை இணைத்து, அதன் பெயரையும் கேட்டிருக்கிறார்.

நான் முறைப்படி விலங்கியல் படித்தவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று எடுத்தவன். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கேமரா சும்மா கிடக்கிறதே என்று வயல் வரப்புக்குக் கொண்டுபோனபோது தொற்றிய பைத்தியம் இது. பூச்சிகளைப் பற்றி நான் கற்றதில் பாதி, என் தப்பான படங்களைப் பார்த்து விஷயம் தெரிந்தவர்கள் திட்டியதில் வந்தது.

உங்கள் ஆசிரியர் சொன்னதும் சரி, நண்பர்கள் சொன்னதும் சரி. இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான்: எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யாமலே பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள்.

கல்யாண வீட்டில் மணமகளின் மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்தால் காதோரம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். யாரும் கவனிக்க மாட்டார்கள். பூச்சி அப்படி மன்னிக்காது. அது தன் உண்மையான அளவிலேயே கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும்படி, அதாவது 1:1 உருப்பெருக்கத்தில், லென்ஸின் துளையை எஃப் 11 என்று வைத்து (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்), ஃபிலிம் சட்டத்தின் அளவுக்குச் சென்சார் உள்ள முழுச்சட்ட கேமராவில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 1.3 மில்லிமீட்டர். ஒரு நெல்மணியின் கனம்கூட இல்லை. உருப்பெருக்கத்தை இரண்டு மடங்காக்கினால் அதுவும் அரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

துளையை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடுமே என்பீர்கள். கூடும். ஆனால் இவ்வளவு நெருக்கத்தில் லென்ஸ் சென்சாரை விட்டுத் தள்ளிப் போய்விடுவதால், நீங்கள் எஃப் 11 என்று வைத்தது எஃப் 22 போல நடந்துகொள்கிறது. எஃப் 22 வைத்தால் எஃப் 44. அத்தனை சிறிய துளையில் நுழையும் ஒளி, ஓரத்தில் பட்டுப் பரவுகிறது. பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்திருப்பீர்களே, அதுதான். புள்ளியாக விழ வேண்டியது குட்டி வட்டமாக விழும். பூச்சி முழுவதும் ஓரளவு தெரியும், எங்கும் கூர்மை இருக்காது. பரீட்சைக்கு எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் புரட்டியவன் விடைத்தாள் மாதிரி.

ஆக, தெளிவு என்று கையில் இருப்பது மெல்லிய ஓர் ஏடு. அதைப் பூச்சியின் எந்த இடத்தில் செருகுவது? நீங்கள் கேட்ட கலையும் அறிவியலும் சந்திக்கிற இடம், என் அனுபவத்தில், இந்த ஒரு மில்லிமீட்டர்தான். எங்கே செருக வேண்டும் என்று தெரிவதற்குப் பூச்சியைப் படித்திருக்க வேண்டும். செருகியபின் மற்றதெல்லாம் எப்படிக் கரைய வேண்டும் என்று தெரிவதற்குக் கண் பழகியிருக்க வேண்டும்.

ஒரு தும்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் நேர் எதிரே குனிந்து அதன் முகத்தை எடுப்பார்கள். ஹெல்மெட் போட்ட ஆள் மாதிரி வேடிக்கையாக இருக்கும். நானும் நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். அந்தப் படத்தை வைத்து அது எந்தத் தும்பி என்று பல நேரம் சொல்ல முடியாது. ஆண் தும்பியின் வால் நுனியில் இடுக்கி போன்ற உறுப்புகள் இருக்கின்றன. கூடும்போது பெண்ணின் தலையையோ கழுத்தையோ பற்றிக்கொள்வதற்கானவை. அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். இந்திய மருத்துவப் பணியில் ராணுவ மருத்துவராக இருந்த எஃப். சி. ஃப்ரேசர் 1933 முதல் 1936 வரை இந்தியத் தும்பிகளைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் வால் நுனியையும் இறகு நரம்பையும் தனித்தனியே வரைந்து காட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

பக்கவாட்டில், சென்சாரும் தும்பியின் உடலும் இணையாக இருக்கும்படி நின்று பாருங்கள். அந்த ஏடு தலையிலிருந்து வால் நுனி வரை அப்படியே படுத்துக்கொள்ளும். மார்பின் பக்கக் கோடுகள், வால் நுனி இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கும். பின்னணி எட்டத்தில் இருப்பதால் பச்சையாகக் கரைந்துவிடும். நான் எடுத்ததில் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதும் இந்தக் கோணம்தான். ஓர் ஆய்வாளர் கேட்டு வாங்கிப் போனதும் இதே கோணம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. தும்பி செத்துக் காய்ந்தால் அதன் நிறம் பெரும்பாலும் போய்விடும். உயிரோடு இருக்கையில் நீலமும் சிவப்புமாக மின்னியது, அருங்காட்சியகப் பெட்டியில் பழுப்புக் குச்சியாகக் கிடக்கும். ஆகவே உயிருள்ள தும்பியின் நிறத்தை உள்ளபடி பிடித்த ஒரு படம், பெட்டியில் குத்திவைத்த உடலால் தர முடியாத சாட்சி. நிறத்தைச் சரியாகப் பிடிப்பதை நாங்கள் ஸ்டுடியோவில் அழகுக்காகச் செய்வோம். இங்கே அது தரவு.

கும்பிடுபூச்சிக்கு வருகிறேன். அதைக் கிட்டத்தில் பார்த்தால் கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் புள்ளியும் நகரும், வலப்பக்கம் போனால் அதுவும் வரும். முதல்முறை பார்த்தபோது, மேடைக்குக் கீழே உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் அளக்கும் கல்யாண வீட்டுப் பெரியம்மா மாதிரி என்னையே பார்க்கிறது என்று நினைத்தேன். உண்மையில் அங்கே நம்மைப் போல உருளும் கண்மணி கிடையாது. கூட்டுக்கண்ணில் ஆயிரக்கணக்கான சிறு கண்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்து நிற்கின்றன. உங்களை நேராகப் பார்க்கும் சிலவற்றுக்குள் போன ஒளி உள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. மற்றவை பக்கச் சுவர்களில் பட்ட ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பச்சையாகவோ வெளிர் நிறமாகவோ தெரிகின்றன. அந்தக் கரும்புள்ளி பொய்யான கண்மணி. ஆனால் அந்த நொடியில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறு கண்கள் எவை என்று அது மெய்யாகவே காட்டுகிறது.

இது தெரிந்த பிறகு நான் படம் எடுக்கும் விதமே மாறிவிட்டது. இரண்டு கண்ணிலும் புள்ளி சமமாக விழும்வரை உடம்பை அங்குல அங்குலமாக நகர்த்துவேன். ஃபோகஸை அந்தப் புள்ளியிலேயே வைப்பேன். படத்தில் பார்வை வந்துவிடும். உங்கள் நண்பர்கள் கேட்ட உயிர் அங்கேதான் இருக்கிறது. இரவில் அதே பூச்சியின் கண் முழுவதும் கருத்துவிடும், புள்ளி காணாமல் போகும். கருங்கண்ணோடு ஒரு கும்பிடுபூச்சியை வெளிச்சமாகக் காட்டி "காலை வெயிலில்" என்று யாராவது எழுதியிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்க காலத்தில் ஒருவர் பேச்சைக் கேட்டு ஒரு நீல வரியன் பட்டாம்பூச்சியை டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அது மரத்துப்போனதும் எடுத்துச் செம்பருத்தியின் மேல் உட்காரவைத்து, நிதானமாகப் படம் எடுத்தேன். பனித்துளிக்காக மேலே கிளிசரின் வேறு தெளித்தேன். ஒரு போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. கண்காட்சிக்கு வந்த ஒரு பெரியவர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உறிஞ்சுகுழல் சுருண்டு கிடக்கிறது. காம்பைக் கால் பிடிக்கவில்லை. வெயிலோ உச்சி வெயில். இது தேன் குடிக்க வந்ததா, நீங்கள் கொண்டுவந்து வைத்ததா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அழகைப் பார்த்த நடுவர்கள் ஏமாந்தார்கள்; பூச்சியைப் பார்த்தவர் ஏமாறவில்லை. அதைவிட உறைத்தது, அவர் சொன்ன பிறகு எனக்கே அந்தப் படம் அசிங்கமாகத் தெரிந்ததுதான். அதுவரை அழகாகத் தெரிந்த கால்கள், பொம்மையின் கால்களாக மாறிவிட்டன. பொய் தெரிந்ததும் அழகும் போய்விட்டது. இந்த வேலையில் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இனி, செடி. பூச்சியை மட்டும் பெரிதாக்கி, செடியை வெட்டி எறிவது நம்மில் பலருடைய பழக்கம். மரியா சிபில்லா மெரியன் என்ற ஜெர்மானிய ஓவியர் 1699இல், தன் 52ஆம் வயதில், இளைய மகளையும் அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். அங்கே பூச்சிகளை வளர்த்துப் பார்த்து வரைந்தார். 1705இல் அச்சான அவருடைய படங்களில் புழு, கூட்டுப்புழு, இறகு வந்த பூச்சி மூன்றும் ஒரே தாளில், ஒரு செடியின்மேல் இருக்கும். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தானாக உண்டாகின்றன என்ற நம்பிக்கை இன்னும் முழுவதும் போகாத காலம் அது. செடியையும் சேர்த்து வரைவது ஓவியத்துக்கு அழகு என்பதற்காக மட்டும் அவர் செய்ததில்லை. எது எதைத் தின்று எதுவாக மாறுகிறது என்பதே அந்தத் தாளின் செய்தி.

உங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடி இருக்கும். மெரியனின் வேலையை அங்கேயே தொடங்கலாம். கறிவேப்பிலை அழகி என்று பெயர் பெற்ற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். சிறு புழு, காக்கை எச்சம் விழுந்தது போல வெள்ளையும் பழுப்புமாக இலைமேல் அசையாமல் கிடக்கும். பறவை ஏமாந்து போய்விடும். கடைசித் தோலுரிப்பில் அதே புழு பச்சையாகிவிடும். ஓர் ஈர்க்கால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற சிவந்த உறுப்பை நீட்டி, ஒரு நெடியை விடும். ஒருமுறை பார்த்தால் போதும், சும்மா சும்மா சீண்டாதீர்கள்.

அந்தப் பட்டாம்பூச்சியிடம் இன்னொரு சூழ்ச்சி இருக்கிறது. உங்கள் படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிவப்புடல் அழகி என்று ஒன்று உண்டு. கறுப்பு இறகு, முன்னிறகில் வெள்ளைப் பட்டை, பின்னிறகில் இரத்தச் சிவப்புப் புள்ளிகள். அதன் புழு ஈஸ்வரமூலியையும் ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிகளையும் தின்று வளர்கிறது. ஆடுகூடத் தின்னாது என்று நம் ஆட்கள் பெயர் வைத்தார்களே, அந்த நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சியாகும்போதும் அது கூடவே வருகிறது. பறவை ஒருமுறை கடித்தால் அந்த வேடத்தை மறக்காது. கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை, இந்தச் சிவப்புடல் அழகியின் வேடத்தை அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறது. இன்னொரு வகைப் பெண், ரோஜா அழகி என்ற வேறொரு நஞ்சுள்ள இனத்தைப் போல வேடமிடும். மூன்றாவது வகைப் பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். ஒரே இனம், பெண்ணுக்கு மட்டும் மூன்று உடை. ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்தும் ஒரே ஒரு மரபணுதான் இந்த உடைமாற்றத்தையும் நடத்துகிறது என்று கிருஷ்ணமேக் குண்டேயும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014இல் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

வேடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? உடலைப் பார்க்க வேண்டும். நஞ்சுள்ளவற்றுக்கு உடலும் சிவப்பு. கறிவேப்பிலை அழகி இறகை மட்டும்தான் நகலெடுத்திருக்கிறது, உடல் கறுப்பாகவே இருக்கிறது. பறக்கும் விதத்திலும் வேறுபாடு தெரியும். நஞ்சுள்ளது யாருக்கும் பயமில்லாமல் மெதுவாக மிதந்து போகும். வேடக்காரி விரட்டினால் தாறுமாறாகப் பாய்வாள்.

மேலேயிருந்து இறகை விரித்த கோணத்தில் எடுக்கும் படத்தில் இறகுதான் கொள்ளை அழகு, உடல் இருட்டுக்குள் போய்விடும். இறகு மூடியிருக்கும்போது பக்கவாட்டில் எடுத்தால் இறகின் அடிப்பக்கமும் உடலும் ஒரே ஏட்டில் விழும். ஒரு கோணத்தில் இரண்டும் வராது என்றால் இரண்டு கோணம் எடுங்கள். யாரும் காசு கேட்கப் போவதில்லை, ஃபிலிம் காலம் போய்விட்டது.

வெளிச்சத்தைப் பற்றி ஸ்டுடியோக்காரனாக ஒன்று சொல்லாமல் விட முடியாது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த தலைமுறை நான். அந்தப் பச்சையைக் கேமராவில் கொண்டுவர முதலில் படாதபாடு பட்டேன். ஃபிளாஷ் அடித்தால் முதுகில் வெள்ளையாக ஒரு பொட்டு, சுற்றிலும் இருட்டு. பிறகுதான் பட்டுச்சேலை நினைவுக்கு வந்தது. நேராக ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை வெளுத்துப்போகும் என்பது எங்கள் தொழிலில் எடுபிடிப் பையனுக்கும் தெரியும். பொன்வண்டின் முதுகில் பூசிய பச்சைச் சாயம் எதுவும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மிக மெல்லிய படலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படலத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து பச்சையைக் கூட்டி மற்ற நிறங்களைக் கழித்துவிடுகிறது. சோப்புக் குமிழியிலும், மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயிலும் நிறம் தெரிவதற்கும் இதே கணக்குதான். அதாவது பொன்வண்டு ஒரு கண்ணாடி. கண்ணாடியை எடுக்கும்போது நாம் எடுப்பது அதில் தெரிவதைத்தான். சிறிய ஃபிளாஷைக் காட்டினால் சிறிய பொட்டுத்தான் தெரியும். பெரிய, மென்மையான வெள்ளைப் பரப்பைக் காட்டினால் முதுகு முழுவதும் ஒளிரும். மீன்கடைத் தெர்மோகோல் பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டு, டிரேசிங் தாளை ஒட்டி, லென்ஸைச் சுற்றிக் குடைபோல மாட்டினேன். செலவு ஒன்றுமில்லை, மீன் வாடைதான் ஒரு வாரம் போகவில்லை. பார்க்கும் கோணம் மாறினால் இந்த நிறமும் மாறும். ஆகவே ஒரே படத்தை வைத்து "இது நீலப்பச்சை நிற வண்டு" என்று எழுதிவிடாதீர்கள்.

ஃபிளாஷுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேனீ நொடிக்கு இருநூறு முறைக்கு மேல் இறகடிக்கிறது. 1/200 நொடி ஷட்டரில் அது ஒரு முழு அடி அடித்து முடித்துவிடும், இறகு புகையாகத்தான் விழும். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் அதன் மின்னல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாக இருக்கும். இறகு உறைந்து நிற்கும். எப்போதும் உறைய வைக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பது என் கட்சி. நரம்பை எண்ண வேண்டுமென்றால் உறைய வையுங்கள். பறக்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் புகையாகவே விடுங்கள், அதுவும் உண்மைதான்.

நம் ஊரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புளியரை வயலில் நின்றால் மேற்கே மலை இரண்டாகப் பிரிந்து வழிவிடுவது தெரியும். அந்தக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நமக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. கோட்டைவாசல் வளைவுகளைத் தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் வேறு காடு, வேறு ஈரம், வேறு பூச்சிகள். சில நிமிட பஸ் பயணத்தில் இரண்டு உலகம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. எல்லை மாறிய செய்தி பூச்சிகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கேரளம் 2018இல் புத்தமயூரியைத் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக்கியது, தமிழ்நாடு 2019இல் தமிழ் மறவனை ஆக்கியது. இரண்டுமே இந்த மலைத்தொடரின் பிள்ளைகள்.

ஒருநாள் கோட்டைவாசலுக்கு அப்பால் ஒரு டீக்கடை ஓரம், கூரைக்குக் கீழே காய்ந்த புழுதியில் புனல் புனலாகக் குழிகள். தரையில் படுத்து எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரச் சேட்டன் எட்டிப் பார்த்து, "என்ன, குழியானையா?" என்றார். எங்கள் ஊரில் குழிநரி என்போம் என்றேன். அவர் விடவில்லை. ஒன்றை விரலால் கிளறி உள்ளங்கையில் போட்டார். அது வழக்கம்போலப் பின்பக்கமாகவே நகர்ந்தது. "இதைப் பாருங்கள், தந்தம் இருக்கிறதா இல்லையா? நரிக்கு ஏது தந்தம்?" என்றார்.

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். தலைக்கு முன்னால் நீண்டு வளைந்த இரண்டு தாடைகள், சந்தேகமில்லாமல் தந்தம்தான். மலையாளத்தில் பெயர் வைத்தவர் அதைக் கையில் எடுத்து உருவத்தைப் பார்த்திருக்கிறார். தமிழில் வைத்தவர் அதை எடுக்கவில்லை. குழி வெட்டி, அடியில் மண்ணுக்குள் பதுங்கி, சரிந்து விழும் எறும்புக்காகக் காத்திருக்கும் தந்திரத்தைப் பார்த்திருக்கிறார். இது என் ஊகம்தான், மொழியறிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அன்றைக்கு நான் இரண்டு படம் எடுத்தேன். உள்ளங்கையில் தாடை மட்டும் கூர்மையாக ஒன்று. குழியின் விளிம்பில் ஓர் எறும்பின் கால் சறுக்க, அடியில் மண்ணிலிருந்து இரண்டு முனைகள் மட்டும் தெரிய, இன்னொன்று. இரண்டில் எது கலை, எது அறிவியல் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனி, ஆடி, ஆவணியில் வெட்டவெளியில் மேக்ரோ, அதாவது நெருக்கப் படம், எடுக்க முயன்று மனம் உடையாதீர்கள். காற்றாலைகள் சம்பாதிக்கும் மாதங்களில் நமக்குப் புல் நுனி நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெறித்த மறுநாள் விடியற்காலைதான் நம் நேரம். பூச்சிகளுக்குத் தம் உடலைத் தாமே சூடாக்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இல்லை. வெயில் ஏறும்வரை அசையாமல் இருக்கும். என்னுடைய குளிர்பதனப் பெட்டி செய்ததை இயற்கை தானாகவே, யாரையும் மரத்துப்போக வைக்காமல் செய்கிறது. பனித்துளியும் இலவசம். ஒன்று மட்டும்: செந்துருணி போன்ற சரணாலயங்களுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். சாலையோரமும் வயல் வரப்புமே ஆயுளுக்குப் போதும்.

படம் அறிவியலுக்கு நிஜமாகவே உதவுமா என்ற சந்தேகம் உங்கள் கேள்வியில் இருந்தது. மலேசியாவில் குவெக் ஹாக் பிங் என்பவர் பச்சைநிறக் கண்ணாடியிறகுப் பூச்சி ஒன்றை அழகுக்காக எடுத்து இணையத்தில் போட்டார். இறகில் கருநிறக் கோலம் தெளிவாகத் தெரியும்படி எடுத்திருந்தார். கலிபோர்னியாவில் இருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் தற்செயலாக அதைப் பார்த்தார். அந்தக் கோலம் அவருக்குத் தெரிந்த எந்த இனத்திலும் இல்லை. ஆனால் பூச்சி பறந்துபோய்விட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து குவெக் அதே பகுதியில் அதைத் திரும்பக் கண்டு பிடித்துக் கொடுத்தார். 2012இல் செமகிரைசா ஜேட் என்ற புதிய இனமாக அது அறிவிக்கப்பட்டது. ஏடு அந்தக் கோலத்தில் விழாமல் கண்ணில் மட்டும் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றை, உடலே கையில் இல்லாமல் படங்களை மட்டும் வைத்துப் புதிய இனமாக இருவர் அறிவித்தபோது வகைப்பாட்டியலாளர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. படம் போதுமா என்பதில் எனக்குக் கருத்துச் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் தேதி, இடம், நேரம், எந்தச் செடி என்ற நான்கும் குறிக்காத படம் எதற்கும் போதாது. ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றும்போது இந்த நான்கையும் கட்டாயம் எழுதுங்கள்.

கருவிக்காகக் கடன் வாங்காதீர்கள். மாமாவின் கேமராவோடு 50 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால், அதைத் தலைகீழாக மாட்டும் வளையம் மலிவாகக் கிடைக்கும். நல்ல உருப்பெருக்கம் வரும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் வெற்றுக் குழாய் என்றால், குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது உருப்பெருக்கம். 25 மில்லிமீட்டர் குழாய் போட்டால் பாதி அளவு. கைபேசிக்கு மேல் மாட்டும் சிறு லென்ஸையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். சென்சார் சிறிது என்பதால் அதில் தெளிவின் ஆழம் தாராளமாகவே கிடைக்கும். முதல் செலவை வெளிச்சத்துக்குச் செய்யுங்கள். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கி, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, வேண்டிய இடம் தெளியும் நொடியில் அழுத்துங்கள். பத்துக்கு ஒன்று தேறினால் நல்ல நாள்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். கறுப்பு இறகும் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளியும் நன்றாக விழுந்திருக்கின்றன. பின்னால் உண்ணிப்பூவின் நிறமும் பொருத்தம். சிவப்புடல் அழகிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மேலேயிருந்து எடுத்ததால் உடல் நிழலுக்குள் போய்விட்டது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன், வெளிச்சத்தைக் கூட்டியும் பார்த்தேன். சிவப்பா கறுப்பா என்று சொல்ல முடியவில்லை. அவளாகவும் இருக்கலாம், வேடக்காரியாகவும் இருக்கலாம். அந்த உண்ணிப் புதருக்கு அது திரும்ப வரும். இந்த முறை இறகு மூடும்வரை காத்திருந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று எடுத்து அனுப்புங்கள். விரட்டினால் எப்படிப் பறக்கிறது என்பதையும் எழுதுங்கள்.